மட்டாஞ்சேரியின் மரப்பெட்டிகள்

ஊர்விட்டு வந்து பிற மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எதுவாயினும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் இல்லத்தில் ஒரு நெருக்கடி தோன்றுகிறது. இரண்டு தகரப் பெட்டிகளும் ஒரு படுக்கைச் சுருளுமாக வந்து இறங்கியவர்கள், பத்தாண்டு கழித்துப் பார்த்தால், பித்தளைக் குடம், பட்டுப்புடவை, கொலுப்பொம்மை, பிள்ளைகளின் சான்றிதழ், ஊர் வீட்டின் பத்திரம், யாருக்கும் மனம்வராமல் எறியாது விட்ட கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்று எத்தனையோ சேர்த்துவிட்டிருப்பார்கள். இவற்றை எங்கே வைப்பது? குடியிருப்புச் சுவரில் பதித்த சிமெண்டுத் தட்டுகள் நிரம்பிவிட்டன; இரும்புப் பீரோ ஒன்று, பிறகு மற்றொன்று வாங்கியாயிற்று. அப்போதுதான், பழங்காலத்து மரப்பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் இடமும் கிடைக்கும், வீட்டுக்கும் ஒரு களை உண்டாகும் என்ற எண்ணம் எழுகிறது. ஏலூரில் வாழும் எங்களுக்கும் அவ்வெண்ணம் எழுந்தது. அதன் பயனாக மட்டாஞ்சேரிக் கடைகளில் நாங்கள் பல ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டோம். கண்டதையும் கேட்டதையும், ஏமாந்ததையும் இங்கே கூறுவோம்.

ஏலூர் பெரியாற்றங்கரையில் அமைந்த தொழில் ஊர். 1943இல் தொடங்கப்பெற்று 1947இல் உற்பத்தியில் இறங்கிய உரத் தொழிற்சாலையே இவ்வூரின் இக்கால வரலாற்றுக்கு முதல் அத்தியாயம். திருவிதாங்கூர் அரசின் ஆதரவோடு அதனை அமைத்தவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள். தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேர்விட்டதற்கு அத்தொடர்பும் ஒரு காரணம் எனலாம். அத்தொழிற்சாலையில் தொடக்கத்தில் உரத்துக்கு வேண்டிய வாயுவை விறகிலிருந்தே எடுத்தார்கள். மலைநாட்டு மரம் வண்டி வண்டியாக வந்து உலையில் வாயுவாயிற்று. அதே மலைநாட்டு மரம், அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே, தச்சர் கையில் பெட்டியாகவும் பேழையாகவும் ஆகிக்கொண்டிருந்தது. நாம் கூறப்போவது உலைக்குப் போகாத அந்த மரத்தைப் பற்றி.

எறணாகுளத்திலிருந்து படகேறிக் கோட்டைக்கொச்சியில் இறங்கினால், மட்டாஞ்சேரி நடந்து செல்லும் தொலைவே. அங்கே யூதத் தெருவிலும் அதனை அடுத்த சந்துகளிலும் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. அவற்றுட் பல முன்னர் மிளகும் சுக்கும் ஏலமும் குவித்திருந்த பண்டகசாலைகள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் அக்கட்டடங்களுள் நுழைந்தால் இன்றும் சுக்கின் நெடி சுவரிலிருந்து வருவதுபோல் தோன்றும். மூட்டைகள் இருந்த இடத்தில் இன்று அலமாரிகள் நிற்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை பெட்டிகள். நடுவே கதவில்லாத நிலைகள், தூணில்லாத போதிகைகள், ஊஞ்சலில்லாத சங்கிலிகள்.

இவ்வளவும் இவ்விடத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1500ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியர் கொச்சியில் வந்திறங்கினர். 1555ஆம் ஆண்டளவில் மட்டாஞ்சேரியில் அரண்மனை ஒன்று கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தனர். 1663இல் அவர்களை வென்று கொச்சியைக் கைக்கொண்ட டச்சுக்காரர் அதனைப் பழுதுபார்த்தமையால் இன்று அது டச்சு அரண்மனை என்றே வழங்குகிறது. கட்டியவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்! அரண்மனைக்கு அருகிலேயே 1568இல் எழுந்த பரதேசி யூதர்களின் செபக்கூடம் உள்ளது. அதன் தரையில் பதித்த நீலப் பூ ஓடுகள் சீனத்திலிருந்து வந்தவை. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கொங்கணியர், குசராத்தியர், கச்சிப் பகுதி முஸ்லிம்கள், தமிழர் என வணிகம் நாடியும் தொழில் நாடியும் வந்தோர் பலர். ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் பொருளைப் பூட்டி வைக்கத் தத்தமக்கு உகந்த பெட்டியைச் செய்வித்தனர்; செய்தவர்களோ பெரும்பாலும் இம்மண்ணின் ஆசாரிமார்களே. ஆகையால் ஐரோப்பிய வடிவமும் மலையாளத்துக் கைத்திறனும் ஒரே பலகையில் கலந்து நிற்பதை இங்கே காண்கிறோம்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்குப் பெட்டியைத் திறக்குமுன் அதன் பெயரைத் திறந்து பார்க்கும் பழக்கம் உண்டு, நேயர்கள் பொறுத்தருள்க. அலமாரி என்பது போர்ச்சுக்கீசியச் சொல். இலத்தீன் மொழியில் படைக்கலமும் கருவியும் வைக்கும் இடத்தைக் குறித்த சொல்லிலிருந்து அது பிறந்தது. அந்த அலமாரியைப் பூட்டும் சாவியும் போர்ச்சுக்கீசியமே. நம் சொல் திறவுகோல். ஈழத்துத் தமிழர் மேசையின் இழுப்பறையை லாச்சி என்பர்; அது டச்சுச் சொல். பீரோ என்பதோ பிரெஞ்சு நாட்டில் முதலில் ஒருவகை முரட்டுத் துணியைக் குறித்தது. பின்னர் அத்துணி விரித்த எழுதுமேசையையும், அதன்பின் அம்மேசை இருந்த அலுவலகத்தையும் குறித்தது. அதே சொல்லை அலுவலகத்தில் நாள்தோறும் ‘பணியகம்’ என்று பெயர்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். வீட்டிலே அதனுள் புடவைகள் தொங்குகின்றன. பெட்டி, பேழை, பெட்டகம், செப்பு, குதிர் ஆகியவை மட்டும் நம் வீட்டிலேயே பிறந்த சொற்கள். நம் முன்னோர் பொருளைப் படுக்கவைத்துக் காத்தார்கள், மேலைநாட்டார் நிற்கவைத்துக் காத்தார்கள் என்று இதிலிருந்து ஒருவர் வாதிட்டால் அதை முற்றிலும் மறுப்பதற்கில்லை.

மட்டாஞ்சேரியில் முதலில் கண்ணைக் கவர்வது சிறிய நகைப்பெட்டி. மலையாளத்தார் இதனை ஆமாடப்பெட்டி என்றும், தலைச்சேரியை அடுத்த நெட்டூரின் பெயரால் நெட்டூர்ப்பெட்டி என்றும் வழங்குவர். (மலையாள அகராதி தொகுத்த ஹெர்மன் குண்டர்ட் பல்லாண்டு வாழ்ந்த இல்லிக்குன்னு அந்த வட்டாரத்தில்தான் உள்ளது.) ஈட்டி மரத்தாலோ பலா மரத்தாலோ செய்து, மூடியைக் கோயிற்கூரைபோல் நாற்புறமும் சரித்து, மூலைக்கு மூலை பித்தளைத் தகடு அறைந்திருப்பார்கள். பெண்ணுக்குத் தாய்வீட்டார் தந்த தாலியும் காசுமாலையும் இதனுள் இருந்தன. பித்தளை வேலை அழகுக்கென்று நினைப்போர் பலர். மரத்தின் பொருத்துகள் பிரியாமல் கட்டிப்பிடிப்பதே அதன் முதல் வேலை. பழைய பெட்டியில் தகடு எங்கெங்கு இருக்கிறதோ அங்கெல்லாம் அதற்குக் கீழே ஒரு மூட்டு இருக்கக் காணலாம். மூட்டே இல்லாத வெறும் பலகையில் தகடு பளபளத்தால், அது வாங்குவோர் கண்ணுக்காக வைத்தது என்று ஐயுறலாம்.

மூடியின் தாழை நினைக்கும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. மலையாளத்து வீடுகளில் சிற்ப வேலைப்பாடு அமைந்த பித்தளைத் தாழுக்கு மணிச்சித்திரத்தாழ் என்று பெயர். 1993இல் அப்பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தது. 2005இல் தமிழில் ‘சந்திரமுகி’ என வெளிவந்தது அதன் கதையே. தமிழில் பெயர் மாறியமையால் தாழை நாம் மறந்தோம், பேயை நினைவில் வைத்துக்கொண்டோம்.

கல்லாப்பெட்டியும் இங்கே மிகுதி. மேல்மூடியில் காசு விழும் பிளவு. உள்ளே நாணய வகைக்கு ஒன்றாகக் குடைந்த மரக்கிண்ணம். அடியில் வெளியார் அறியாத இரகசிய அறை. அதன் துணைப்பொருளாக ஒரு சிறு பலகையையும் காட்டுவார்கள். திருவிதாங்கூரில் சக்கரம் என்னும் மிகச் சிறிய வெள்ளி நாணயம் வழங்கிற்று. அவற்றைக் கையால் எண்ணிமுடியாது. வரிசை வரிசையாகக் குழியிட்ட பலகையில் கொட்டிக் குலுக்கினால் ஒவ்வொரு குழியிலும் ஒரு காசு அமரும், எஞ்சியதைத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை தானே கிடைக்கும். சக்கரம் போயிற்று, சக்கரப்பலகை இன்று பலர் வீட்டு வரவேற்பறையில், அது யாதென்று அறியாதவர் சுவரில் தொங்குகிறது.

சீனத்துக் கற்பூரமரப் பெட்டிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. பினாங்கு, சிங்கப்பூர் சென்று மீண்டவர் வீடுகளில் நேயர்கள் கண்டிருப்பார்கள். பூச்சி அணுகாது, பட்டுக்கு நன்று. டச்சுக்காலப் பாணியில் அமைந்த பேரலமாரிகளோ, சட்டமிட்டுப் பலகை செருகிய கதவும், உருண்டைப் பந்து போன்ற கடைந்த கால்களுமாக யானைபோல் நிற்கும். பார்க்க அழகு. ஆயின் நம் குடியிருப்பின் கதவு நிலையை முதலில் அளந்துகொள்ள வேண்டும். படிக்கட்டின் திருப்பத்தையும் அளக்கவேண்டும். இதனை அளக்காமல் முன்பணம் கொடுத்தவர்களை நாம் அறிவோம்.

நம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது பத்தாயம். தஞ்சைப் பக்கத்தாருக்கும் நெல்லைப் பக்கத்தாருக்கும் இச்சொல் புதிதன்று; நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி அது. கேரளத்தில் இதற்கு இருந்த இடம் இன்னும் பெரிது. அறையும் நிரையும் என்று அவர்கள் கூறும் வீட்டமைப்பில், நெல்லறைதான் வீட்டின் இதயம். அதைச் சுற்றியே பலகைச் சுவர் எழுப்பி மற்ற அறைகளை அமைத்தார்கள். தனித்து நின்ற பத்தாயத்துக்கோ தரையின் ஈரமும் எலியும் எட்டாதபடி கால்கள் வைத்தார்கள். பலா, ஆஞ்ஞிலி, தேக்கு முதலிய மரங்களால் செய்தார்கள். அகன்ற மூடியின்மேல் பாய்விரித்துக் காரணவர் உறங்குவதும் உண்டு. அது சோம்பலால் அன்று. குடும்பத்தின் ஓராண்டு உணவு அவர் முதுகுக்குக் கீழே இருந்தது. அவர் அறியாமல் ஒருபடி நெல்லும் வெளியே போகாது. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ என்ற திரைப்படம் 1982இல் இலண்டனில் சதர்லாந்து விருது பெற்றது. அத்தலைப்பை ‘எலிப்பொறி’ என்று பெயர்ப்பது சரியே. ஆயின் நெல் காக்கும் பெட்டிக்கும் எலி பிடிக்கும் பெட்டிக்கும் மலையாளத்தில் ஒரே சொல் என்பது பெயர்ப்பில் மறைந்துபோகிறது. தரவாட்டு வீட்டினுள்ளேயே அடைபட்டு அழியும் காரணவர் ஒருவரின் கதைக்கு அந்த இரட்டைப் பொருள் எவ்வளவு பொருந்துகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய பத்தாயம் கடைத்தெருவுக்கு வரலாமோ? வீட்டின் இதயம் எப்படி விலைக்கு வந்தது?

கடைக்காரர்கள் கூறும் கதைகளில் அரசகுடும்பமும் டச்சுத் தளபதியும் வருவார்கள். உண்மையான கதை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1925இல் திருவிதாங்கூர் நாயர் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பங்கிட வழிதிறந்தது. கொச்சியிலும் அதுபோன்ற சட்டங்கள் வந்தன. அதுவரை பிரிக்கவே முடியாதிருந்த தரவாடுகள் பாகம் பாகமாகப் பிரிந்தன. நிலத்தைப் பங்கிடலாம், தென்னையை எண்ணிப் பங்கிடலாம். பத்தாயத்தை எப்படிப் பங்கிடுவது? பின்னர் 1963ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டமும், அதற்கு 1969இல் செய்த திருத்தமும் வந்தன. 1970 சனவரி முதல் நாளிலிருந்து குத்தகை முறை ஒழிந்து, உழுத குடியானவர் நிலத்துக்கு உரிமை பெற்றார். அது நியாயமே என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த நாள்முதல் பாட்டநெல் படியேறி வரவில்லை. வராத நெல்லுக்குப் பத்தாயம் எதற்கு? 1976 டிசம்பரில் கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து எஞ்சியிருந்ததையும் முடித்துவைத்தது. வீடுகள் பிரிக்கப்பட்டன, அறையும் நிரையும் பலகை பலகையாகக் கழற்றி லாரியில் ஏறின. சில உல்லாச விடுதிகளாக மீண்டும் எழுந்தன. பல மட்டாஞ்சேரிக்கு வந்தன.

யூதத் தெருவின் வீட்டுப்பொருள்களுக்கும் இதனை ஒத்த கதை. 1948இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின், குறிப்பாக 1950களில், கொச்சி யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் குடிபெயர்ந்தனர். கப்பலில் கொண்டுபோகக் கூடியதைக் கொண்டுபோயினர்; அலமாரியைக் கொண்டுபோக முடியுமா? மிளகு வணிகம் பண்டகசாலைகளைவிட்டு நீங்க, அவ்விடத்தைப் பழம்பொருள் வணிகம் பிடித்தது. ஆகவே மட்டாஞ்சேரியில் நிற்கும் ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஒரு வேலையிலிருந்து நீக்கப்பட்டு வந்ததாகும். வாங்கப் போகும்போது இதனை நினைவிற்கொண்டால் ஒரு நன்மை உண்டு. ‘எத்தனை ஆண்டுப் பழமை?’ என்று கேட்பதைவிட, ‘இது என்ன வேலை செய்தது?’ என்று பெட்டியையே கேட்கலாம். கடைக்காரர் பொய் சொல்லலாம்; வேலை செய்த பெட்டியால் அதை மறைக்க முடியாது.

இவ்வறிவு நமக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. முதன்முதலில் நாங்கள் வாங்கியது ‘டச்சுப் பெட்டி’ என்று கூறப்பட்ட ஒன்று. எந்தக் கடை என்பது இங்கே வேண்டா. கரிய மெருகும் பித்தளைப் பூணுமாக அது எங்களை மயக்கிவிட்டது. ஏலூருக்குக் கொண்டுவந்து கொலுப்பொம்மைகளை அதனுள் அடுக்கினோம். சூன் மாதம் பருவமழை பிடித்தது. மூடி உப்பித் திறக்க மறுத்தது. அடியில் ஒவ்வொரு நாள் காலையிலும் வெளிர்நிறமான மாவு போன்ற தூள் கொட்டிக் கிடந்தது. இவ்வூர் ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் பெட்டியைக் கவிழ்த்தார், அடிப்பலகையை விரலால் தடவினார், சிரித்தார். “இது பெட்டி அல்ல, சாரே, இரண்டு கதவும் ஒரு கட்டிலும்” என்றார். பழைய கதவுப் பலகைகளையும் கட்டிற் சட்டத்தையும் அறுத்து ஒட்டிச் செய்த பெட்டி அது. மரம் உண்மையிலேயே பழமையானது, அதில் பொய்யில்லை. பெட்டிதான் நேற்றுப் பிறந்தது. அன்று மாலை முழுதும் அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். அவர் கூறியதையும், பின்னர் நாம் பார்த்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

முன்புறத்தைப் பாராதீர்கள், அது காட்டுவதற்காகவே அமைந்தது. பெட்டியின் முதுகையும் அடியையும் உட்புறத்தையும் பாருங்கள். பழைய தச்சர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை மெருகிடமாட்டார். அங்கே வாய்ச்சி கொத்திய தடமும் இழைப்புளி ஓடிய மேடுபள்ளமும் விரலுக்குத் தட்டுப்படும். இருவர் நின்று இழுத்த வாளின் தடம் நேர்க்கோடாகவும் ஒழுங்கின்றியும் இருக்கும். பொறிவாளின் வட்டத் தகடு வளைவு வளைவான தடத்தை விட்டுச் செல்லும். வளைந்த தடம் கண்டால் முந்நூறு ஆண்டுக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. திருகாணி ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய திருகாணிக்கு முனை மழுங்கியிருக்கும்; கூர்முனைத் திருகாணி அதன்பின் வந்தது. கொல்லன் அடித்த ஆணி சதுரமாயிருக்கும், கம்பியில் வெட்டிய ஆணி உருண்டையாயிருக்கும். ஓர் ஆணியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுதல் கூடாது. பழைய பெட்டிக்குப் பின்னாளில் புது ஆணி அடித்திருக்கலாம், புதுப் பெட்டிக்குப் பழைய ஆணி தேடி அடிப்பாரும் உளர்.

தேய்மானத்தைப் பார்ப்பது இவற்றினும் நன்று. கை எங்கே படுமோ அங்கே மரம் மழமழப்பாயிருக்கும்: மூடியின் நடுவிளிம்பு, இழுப்பறையின் குமிழைச் சுற்றிய இடம். இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்தால், அது ஓடிய தடத்தில் இருபுறமும் மரம் தேய்ந்திருக்க வேண்டும். பத்தாயத்தில் நெல் அளந்து எடுத்த வாயின் கீழ்விளிம்பு, ஆயிரம் முறை மரக்கால் உரசியமையால் குழிந்திருக்கும். யாரும் தொடாத மூலையெல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது காலம் தேய்த்ததன்று, உப்புத்தாள் தேய்த்தது. எங்கள் டச்சுப் பெட்டியின் உள்மூலைகள் அவ்வாறுதான் இருந்தன. அன்று அதன் பொருள் நமக்குத் தெரியவில்லை. பொருத்து இல்லாத இடத்தில் அடைத்த துளையோ, கீல் இல்லாத இடத்தில் கீலின் தழும்போ இருந்தால், அப்பலகைக்கு முற்பிறவி ஒன்று உண்டு என்று கொள்க.

மரத்தை அறிவதும் அவசியம். பலா வெட்டியபோது மஞ்சளாயிருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன்நிறமாகிப் பின்பு செம்பழுப்பாகும். ஈட்டி கனமானது, கருஞ்சிவப்பில் கரிய கோடுகள் ஓடும். தேக்கை அதன் எண்ணெய்ப் பிசுக்கும் மணமும் காட்டிக்கொடுக்கும். சாயம் பூசி ஈட்டி என்று விற்பதும் உண்டு. உட்புறத்தில் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்க்கலாம், ஒரு கையால் தூக்கியும் பார்க்கலாம். வண்டு துளைத்த சிறு துளைகள் இருந்தாலே அஞ்ச வேண்டுவதில்லை. துளை கறுத்திருந்தால் வண்டு என்றோ போய்விட்டது. துளையின் வாய் வெளுத்து, கீழே புதுத்தூள் உதிர்ந்தால் குடும்பத்தோடு உள்ளே இருக்கிறது. கொச்சி போன்ற ஈர நிலத்தில் வாழ்வோர் பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல் காற்றோட்டம் விட்டு வைப்பது நலம். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயை மரத்தின் வெளிக்காணா இடங்களில் பூசுவது இந்நாட்டுப் பழைய வழக்கம். அது கையைப் புண்ணாக்கும். தெரிந்த ஆசாரியைக் கொண்டே செய்விக்க வேண்டும். அழுக்காயிருக்கிறதே என்று பழைய அரக்கு மெருகைச் சுரண்டிவிட்டுப் புதிய வார்னிஷ் அடிப்போரைக் கண்டால் நமக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த மெருகைப் பெறப் பல தலைமுறைக் கைகள் வேண்டும்; கெடுக்க ஒருநாள் கூலி போதும்.

சட்டத்தையும் சிறிது அறிந்திருப்பது நல்லது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய கலைப்பொருளும் கைவினைப்பொருளும் அதன்படி தொல்பொருளாகும்; அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பலாகாது. வெளிநாட்டில் வாழும் மகனுக்கோ மருமகளுக்கோ பழம்பெட்டி வாங்கி அனுப்ப நினைப்போர் இதனை மறத்தல் வேண்டா. ஈட்டி இனத்து மரங்கள் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் அடங்கியுள்ளன. தந்தம் இழைத்த பெட்டியைத் தொடவே வேண்டா; காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது, கடுமையாயிருக்கவும் வேண்டும். கோயிலிலிருந்து வந்தது என்று பெருமையாகக் கூறி எதையேனும் காட்டினால், அந்தப் பெருமையே அதனை விட்டு விலகப் போதிய காரணம்.

வாங்குமுன் கண்ணைப் பழக்கிக்கொள்ள இடங்கள் உண்டு. திருப்பூணித்துறையில் 1865இல் கட்டப்பெற்ற மலை அரண்மனை இன்று அருங்காட்சியகம். கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ் மண்ணில் நின்று கேரளத்துத் தச்சுக்கலையைப் பேசுகிறது. சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில், கேரளத்துப் பழவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். நெல்லறை வீட்டினுள் எவ்வாறு அமர்ந்திருந்தது என்பதை அங்கே காணலாம். அங்கேயே செட்டிநாட்டு வீடும் உண்டு. அதனைக் காணும் தமிழர்க்கு, மட்டாஞ்சேரிக் கதை நமக்கும் உரியதே என்பது விளங்கும். பர்மாத் தேக்கில் வீடுகட்டிய நகரத்தாரின் கடல்கடந்த வணிகம் 1942இல் சப்பானியப் படையெடுப்பால் குலைந்தது. 1948இல் பர்மா அரசின் நிலச்சட்டம் அவர்கள் நிலங்களையும் கொண்டது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் அடுக்கிக் கிடக்கும் பெட்டிகளும் பீங்கான்களும் அவ்வீடுகளிலிருந்து இறங்கியவையே.

நமக்கு இது விளங்கியது காரைக்குடியில் அன்று; தொலைபேசியில். மட்டாஞ்சேரியில் ஒரு பலாமரப் பெட்டியை மேற்கூறிய சோதனையெல்லாம் செய்து, குறையொன்றும் காணாமல், விலை பேசிக்கொண்டிருந்த நேரம். அம்பாசமுத்திரத்திலிருந்து தம்பி அழைத்தான். “அண்ணா, பட்டாசாலையை இடித்துக் கட்டப் போகிறோம். ஆச்சியின் சீர்ப்பெட்டி கிடக்கிறதே, பழைய சாமான் எடுப்பவர் நாலாயிரம் தருகிறார். கொடுத்துவிடட்டுமா?” என்றான். எங்கள் முன்னே இருந்த பெட்டிக்குக் கடைக்காரர் கேட்ட விலை அதைப்போல் பத்து மடங்கு. ஆயின் உண்மையைச் சொன்னால், அப்போது விலை நினைவுக்கு வரவில்லை. யாருடைய ஆச்சியின் பெட்டிக்கு முன்னால் நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதுதான் தோன்றிற்று. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தோம். “கொடுக்காதே, நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்” என்று சொல்லிவிட்டோம்.

ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சரக்கு லாரியில் அப்பெட்டி ஏலூர் வந்து சேர்ந்தது. டச்சுப் பெட்டியைக் கண்டு சிரித்த அதே ஆசாரி வந்து பார்த்தார். அயினி மரம் என்றார். உருட்டுக்கால் நான்கில் ஒன்று பிற்காலத்தது என்றார். மூடியின் நடுவிளிம்பில் மழமழத்த இடத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவிவிட்டுக் கூலி வேண்டா என்று போய்விட்டார். பெட்டி பூட்டியிருக்கிறது. வீட்டைப் பாகம்பிரித்த நாளில் எங்கள் அக்காள் தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. “பெட்டி யாரிடமேனும் இருக்கட்டும், சாவி என்னிடம் இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, வந்து திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். செங்கோட்டைப் பாதை 2018இல் அகலப்பாதையாகித் திறந்தபின் நெல்லையிலிருந்து ஆலுவாய்க்கு ஓரிரவுப் பயணந்தான். தீபாவளிக்கு மறுவாரம் வருவதாக எழுதியிருக்கிறார்கள். பூட்டை உடைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கொலுப்பொம்மைகள் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கின்றன.